தனி ஆள் ப்ராஜெக்ட்டில் கிட்: எவ்வளவு போதும், எங்கே சறுக்கும்

ஃபைல்களின் ஒவ்வொரு பதிப்பையும் வரலாறாகச் சேமித்து வைக்கும் கிட் என்ற மென்பொருளைக் கற்றுத்தரும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை ஒரு குழுவை மனதில் வைத்து எழுதப்பட்டவை. டெவலப் என்று ஒரு பிராஞ்ச் (வேலையின் தனிக் கிளை), ஒவ்வொரு வசதிக்கும் ஒரு பிராஞ்ச், புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பது), ரிவ்யூ, மெர்ஜ் (இணைப்பு). தனியாக ஒரு சின்ன புரோகிராம் எழுதுகிறவர் இதை அப்படியே கடைப்பிடித்தால், தானே கேட்டு, தானே பார்த்து, தானே ஒப்புதல் தரும் சடங்காகிவிடும். இரண்டு வாரத்தில் சலித்துப்போய், ஃபோல்டரை நகலெடுத்துப் பெயருக்குப் பின்னால் தேதி போடும் பழைய வழிக்கே திரும்புகிறவர்கள் ஏராளம். விட வேண்டியது சடங்கைத்தான். ஆள் ஒருவர் என்றால் கிட்டின் கட்டளைகளில் ஒரு பதினைந்து இருபது போதும். ஆனால் அவை உள்ளே என்ன செய்கின்றன என்பது தெரிந்திருக்க வேண்டும். ஏதாவது சிக்கினால் கேட்பதற்குப் பக்கத்து நாற்காலியில் ஆள் இல்லை.

இந்தச் சடங்குகளுக்குக் காரணம் கிட் பிறந்த இடம். 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் மார்க் ரோச்கைண்ட் எழுதிய எஸ்சிசிஎஸ், 1980-களின் தொடக்கத்தில் பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிஷி எழுதிய ஆர்சிஎஸ் இரண்டும் ஒவ்வொரு ஃபைலின் வரலாற்றையும் தனித்தனியே வைத்திருந்தவை. கிட் வந்த வழி வேறு. லினக்ஸ் கெர்னல் குழுவினர் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற வணிக மென்பொருளின் இலவச அனுமதி 2005-ல் நின்றுபோனதும், அந்த ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது அது. உலகெங்கும் சிதறிக் கிடக்கும் ஆட்களின் மாற்றங்களை ஒன்று சேர்ப்பதுதான் அதன் முதல் வேலை. ஆனால் சர்வர் தேவையில்லை, ஒவ்வொரு நகலிலும் முழு வரலாறும் இருக்கும் என்ற அதன் அமைப்பு, தனி ஆளுக்கும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

மூன்று இடங்கள்

கிட் உள்ள ஃபோல்டரில் உங்கள் வேலை மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். எடிட்டரில் திறந்து மாற்றுபவை வேலை ஃபோல்டரில். ‘கிட் ஆட்’ கொடுத்தவை, அடுத்த பதிவுக்குத் தயாராக, ஸ்டேஜிங் பகுதியில். ‘கிட் கமிட்’ ஆனவை ‘.கிட்’ என்ற மறைவான ஃபோல்டருக்குள் வரலாறாக. (கட்டளைகள் இங்கே உச்சரிப்புப்படி தமிழில் இருக்கின்றன, டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.)

கமிட் என்றால் மாற்றங்களின் பட்டியல் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது அந்த நேரத்தில் மொத்த ப்ராஜெக்ட்டும் எப்படி இருந்தது என்பதன் முழுப் பதிவு. ஒவ்வொரு ஃபைலின் உள்ளடக்கத்தையும் சுருக்கி, ஷா-1 கணக்கில் வரும் 40 எழுத்து ஹெக்சாடெசிமல் எண்ணையே பெயராக வைத்து கிட் சேமிக்கிறது. மாறாத ஃபைலுக்கு அதே உள்ளடக்கம், அதே பெயர். ஆகவே மறுபடி சேமிப்பதில்லை. 50 ஃபைல் உள்ள ப்ராஜெக்ட்டில் ஒன்றை மாற்றி கமிட் செய்தால் புதிதாகச் சேர்வது அந்த ஒரு ஃபைல், அது இருக்கும் ஃபோல்டர்களின் பட்டியல், கமிட் பற்றிய குறிப்பு, அவ்வளவுதான். பிற்பாடு இவற்றையெல்லாம் ஒரே பொதியாகக் கட்டும்போது, ஒத்த பதிப்புகளுக்கு வித்தியாசத்தை மட்டும் வைத்து இன்னும் சுருக்கிவிடும். அதனால் நாளைக்கு இருபது கமிட் போட்டாலும் டிஸ்க்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது வீடியோ, ஃபோட்டோஷாப் ஃபைல், ஜிப் போன்றவற்றைப் பற்றி. அவை ஏற்கெனவே சுருங்கியவை அல்லது ஒரு சின்ன மாற்றத்துக்கே உள்ளே முழுக்க மாறிவிடுபவை. ஒவ்வொரு பதிப்பும் ஏறக்குறைய முழு அளவில் வரலாற்றில் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த அமைப்பில் இன்னும் இரண்டு விளைவுகள் உண்டு. வெறும் ஃபோல்டரை கிட் பதிவதில்லை. புரோகிராம் ஓடும்போது ‘லாக்ஸ்’ என்ற காலி ஃபோல்டர் இருந்தே ஆக வேண்டுமென்றால், அதற்குள் ஏதாவது ஒரு சின்ன ஃபைலைப் போட்டு வைக்க வேண்டும். அடுத்து, ஃபைலின் பெயர் மாறியதையும் கிட் எங்கும் குறித்து வைப்பதில்லை. கமிட்டுகளின் பட்டியலான லாக்கைக் காட்டும்போது, காணாமல்போன ஃபைலும் புதிதாக வந்த ஃபைலும் பாதிக்கு மேல் ஒத்திருந்தால் ‘பெயர் மாறியிருக்கிறது’ என்று ஊகிக்கிறது. பெயரை மாற்றிய கையோடு உள்ளேயும் பெருமளவு திருத்தி ஒரே கமிட்டாகப் போட்டால் அந்த ஊகம் தோற்று, பழைய வரலாறு அறுந்தது போலத் தெரியும். பெயர் மாற்றம் தனி கமிட், திருத்தம் தனி கமிட் என்று வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

முதல் கமிட்டுக்கு முன்

‘கிட் இனிட்’ கொடுத்ததும் கை நேராக ‘கிட் ஆட் .’ என்று போகும். அங்கேதான் நிறுத்த வேண்டும். முதலில் ‘.கிட்இக்னோர்’ ஃபைலை எழுதுங்கள். கம்பைல் செய்து வரும் வெளியீடுகள், ‘நோட் மாட்யூல்ஸ்’ போல இறக்கிக்கொள்ளும் லைப்ரரி ஃபோல்டர்கள், பைத்தானின் ‘வென்வ்’, ‘பைகேஷ்’ ஃபோல்டர்கள், ஆபரேட்டிங் சிஸ்டமும் எடிட்டரும் போட்டுவிட்டுப் போகும் சில்லறை ஃபைல்கள், பாஸ்வேர்டு உள்ள ‘.இஎன்வி’ ஃபைல், புரோகிராம் எழுதும் டேட்டாபேஸ் ஃபைல் எல்லாம் அதில் போகும். சோதனை எளிது: இன்னொரு கட்டளையால் மறுபடி உருவாக்க முடிந்தால் வெளியே, கையால் எழுதியது என்றால் உள்ளே. லைப்ரரிகளின் துல்லியமான பதிப்பைச் சொல்லும் லாக் (பூட்டு) ஃபைல் மட்டும் இதற்கு விலக்கு. அது தானாக உருவானாலும் உள்ளே இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே பதிப்புகளை இறக்கி ஓட்ட அதுதான் வழி. ‘.இஎன்வி’ ஃபைலுக்குப் பதிலாக, மதிப்புகள் காலியாக உள்ள ஒரு மாதிரி ஃபைலை கமிட் செய்யுங்கள். இல்லாவிட்டால் எந்தெந்த அமைப்புகள் தேவை என்பதே மறந்துபோகும்.

இக்னோர் ஃபைல் இன்னும் பதியப்படாதவற்றைத்தான் தடுக்கும். ஏற்கெனவே கமிட்டில் போய்விட்ட ஃபைலின் பெயரை அதில் எழுதினால் ஒன்றும் நடக்காது. ‘கிட் ஆர்எம் --கேஷ்ட்’ கொடுத்தால் டிஸ்க்கில் ஃபைல் அப்படியே இருக்க, கிட் மட்டும் அதைக் கண்காணிப்பதை விட்டுவிடும். ஆனால் பழைய கமிட்டுகளில் அது இருந்துகொண்டேதான் இருக்கும். போனது ஒரு ஏபிஐ கீ (வெளிச் சேவையைப் பயன்படுத்தத் தரும் ரகசியக் குறி) என்றால், அதுவும் யாரும் பார்க்கக்கூடிய பொது ரெப்போவுக்கு (கிட் வரலாற்றுக் கிடங்கு) புஷ் ஆகியிருந்தால், அதாவது அனுப்பப்பட்டிருந்தால், முதல் வேலை வரலாற்றைச் சுத்தம் செய்வதல்ல. அந்த கீயை ரத்து செய்து புதிது வாங்குவது. பொது ரெப்போக்களில் விழும் கீக்களைத் தேடுவதற்கென்றே தானியங்கி புரோகிராம்கள் ஓடுகின்றன. ‘கிட் ஃபில்டர்-ரெப்போ’ கொண்டு வரலாற்றை மாற்றி எழுதலாம்தான். ஆனால் அதற்குள் யாராவது குளோன் செய்திருந்தால் அந்த நகல் உங்கள் கையில் இல்லை. ரெப்போக்களை நெட்டில் வைக்கும் தளமான கிட்ஹப்பிலும் பழைய கமிட் அதன் எண்ணைத் தெரிந்தவருக்குச் சில காலம் திறக்கக்கூடும்.

ஒவ்வொரு கமிட்டிலும் உங்கள் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் பதிகின்றன. ரெப்போ என்றாவது பொதுவில் போகக்கூடும் என்றால், எந்த முகவரி தெரிய வேண்டும் என்பதை ‘கிட் கான்ஃபிக்’ மூலம் முதல் கமிட்டுக்கு முன்பே முடிவு செய்வது நல்லது. கிட்ஹப் இதற்கென்றே ஒரு ‘நோ-ரிப்ளை’ முகவரி தருகிறது. பின்னால் மாற்ற வேண்டுமென்றால் எல்லா கமிட்டுகளின் எண்களும் மாறிப்போகும்.

வீட்டில் விண்டோஸ், சர்வரில் லினக்ஸ் என்று இரண்டு கணினியில் வேலை செய்கிறவர்களுக்கு வரி முடிவுக் குறி ஒரு தலைவலி. விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டு எழுத்து வைக்கும். லினக்ஸ் ஒன்று வைக்கும். ஒரு வரியைத் திருத்தியிருப்பீர்கள், வித்தியாசத்தைக் காட்டும் டிஃப்பில் 400 வரியும் மாறியதாகக் காட்டும். ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் இன்னும் மோசம்: முதல் வரியின் கடைசியில் ஒட்டியிருக்கும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தால், இன்டர்பிரட்டரே கிடைக்கவில்லை என்று லினக்ஸ் மறுத்துவிடும். ‘.கிட்ஆட்ரிப்யூட்ஸ்’ என்ற ஃபைலில் ‘* டெக்ஸ்ட்=ஆட்டோ’ என்று ஒரே வரி எழுதி, ஷெல் ஸ்கிரிப்ட்களுக்கு மட்டும் லினக்ஸ் முடிவுதான் வேண்டும் என்று இன்னொரு வரி சேர்த்து முதல் கமிட்டிலேயே போட்டால் பிரச்சினை எழாது. ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தையும் விண்டோஸும் மேக்கும் வழக்கமாகக் கண்டுகொள்வதில்லை, லினக்ஸ் கண்டுகொள்ளும். அதை மாற்றும்போது ஃபைல் மேனேஜரில் செய்யாமல் ‘கிட் எம்வி’ கொண்டு மாற்றுங்கள்.

ஒரு கமிட்டுக்கு ஒரு காரணம்

நேரத்தை அதிகம் செலவிட வேண்டியது இங்கேதான். தனி ஆளின் ரெப்போக்கள் பலவற்றில் லாக் இப்படித்தான் இருக்கும்: ‘அப்டேட்’, ‘திருத்தம்’, ‘மறுபடியும் திருத்தம்’, ‘இப்போது ஓடுகிறது’. ஒவ்வொன்றிலும் பதினைந்து ஃபைல். பேக்கப் என்ற அளவில் இது சரியே. ஆனால் நாலு மாதம் கழித்து ‘இந்த நிபந்தனையை ஏன் இங்கே வைத்தோம்’ என்று கேட்டால் இந்த வரலாறு பதில் சொல்லாது.

ஒரு கமிட்டை எங்கே வெட்டுவது? அதைச் செய்ததற்கு ஒரே ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்த நிலையில் புரோகிராம் ஓட வேண்டும். இந்த இரண்டும் போதும். அளவு முக்கியமே இல்லை. ஒரே ஒரு எழுத்தைத் திருத்தியதும் நல்ல கமிட்தான், 60 ஃபைலில் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றியதும் நல்ல கமிட்தான். காரணம் ஒன்றாக இருந்தால், அந்த மாற்றம் தப்பென்று தெரியும்போது ‘கிட் ரிவர்ட்’ கொடுத்து அதை மட்டும் பிடுங்க முடியும். அறிக்கையின் வடிவமைப்பு மாற்றமும் வரி கணக்குத் திருத்தமும் ஒரே கமிட்டில் இருந்தால், ஒன்றைத் திரும்பப் பெற இன்னொன்றையும் இழக்க வேண்டும்.

வேலை செய்யும்போது யாரும் இப்படி ஒழுங்காகப் பிரித்துக்கொண்டு செய்வதில்லை. ஒரு பிழையைத் திருத்தப் போய், வழியில் கண்ணில் பட்ட இரண்டு வேறு விஷயங்களையும் சரிசெய்துவிட்டுத்தான் வருவோம். அதற்குத்தான் ‘கிட் ஆட் -பி’. கிட் ஒவ்வொரு மாற்றத் துண்டாகக் காட்டி, இது வேண்டுமா என்று கேட்கும். ‘ஒய்’ என்றால் சேரும், ‘என்’ என்றால் வேலை ஃபோல்டரிலேயே நிற்கும், ‘எஸ்’ என்றால் துண்டை இன்னும் சிறிதாக உடைத்துக் காட்டும், ‘கியூ’ என்றால் அத்தோடு நிறுத்தும். ஒரு ஃபைலுக்குள் இருக்கும் மூன்று காரணங்களை மூன்று கமிட்டாக்க இதுவே வழி. இதில் இன்னொரு லாபமும் உண்டு. தனி ஆளுக்கு ரிவ்யூ செய்ய யாரும் இல்லை. ஒவ்வொரு துண்டாகக் கண்ணில் காட்டிக் கேட்கும்போது, மறந்துபோய் விட்ட டீபக் பிரிண்ட் வரியும், சோதனைக்காகப் போட்ட பொய் மதிப்பும் அங்கேயே பிடிபடும். புல் ரிக்வெஸ்ட்டை விட்டுவிடலாம், இதை விட்டுவிடக்கூடாது.

ஒரு எச்சரிக்கை: பகுதி பகுதியாகச் சேர்க்கும்போது கமிட்டில் போவது, உங்கள் கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் கோடு (புரோகிராம் வரிகள்) அல்ல. புதிய ஃபங்ஷன் ஸ்டேஜிங்கில் வராமல், அதைக் கூப்பிடும் வரி மட்டும் வந்துவிட்டால் அந்த கமிட் உடைந்தது. ‘கிட் டிஃப் --ஸ்டேஜ்ட்’ பார்த்துவிட்டுக் கமிட் செய்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

செய்தியின் முதல் வரி சுமார் 50 எழுத்துக்குள் இருந்தால் லாக்கில் வெட்டுப்படாது. அதன்பின் ஒரு காலி வரி, பிறகு தேவைப்பட்டால் விளக்கம். என்ன மாறியது என்பதை டிஃப்பே சொல்லும். செய்தி சொல்ல வேண்டியது ஏன் என்பதை. ‘சிஎஸ்வி படிப்பதில் திருத்தம்’ என்பதை விட, ‘காலி வரியில் சிஎஸ்வி படிப்பு நிற்பதைத் தவிர்த்தல்’ என்பது மேல். அதன் கீழே, ‘எக்செல் சில நேரம் கடைசியில் காற்புள்ளிகள் மட்டும் உள்ள வரிகளை எழுதிவிடுகிறது. அவற்றைப் பிழையாக எண்ணாமல் விட்டுவிடுகிறோம். நடுவில் வந்தால் மட்டும் எச்சரிக்கை’ என்று மூன்று வாக்கியம் இருந்தால், பின்னாளில் அந்த நிபந்தனையைத் தேவையில்லாதது என்று நினைத்து நீக்கப் போகிறவரை, அதாவது உங்களையே, தடுக்கும்.

அரைகுறை வேலையோடு எழுந்து போக வேண்டியிருந்தால்? அப்படியே கமிட் செய்யுங்கள், செய்தியில் ‘பாதி வேலை’ என்று எழுதுங்கள். அடுத்த முறை முடித்தபின் ‘கிட் கமிட் --அமெண்ட்’ கொடுத்து அதையே முழுமையாக்கலாம். பல பாதி கமிட்டுகள் சேர்ந்துவிட்டால் ‘கிட் ரீபேஸ் -ஐ’ கொண்டு ஒன்றாக இணைக்கலாம். வரலாற்றை மாற்றி எழுதக் கூடாது என்பது குழுவுக்கான விதி. புஷ் செய்யாத கமிட்டை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். புஷ் ஆனதையும் மாற்றி ‘--ஃபோர்ஸ்-வித்-லீஸ்’ கொடுத்து மறுபடி அனுப்பலாம். ஆனால் இரண்டாவது கணினியில் பழைய வரலாறு இருக்கிறது என்பது நினைவிருக்கட்டும். அங்கே வழக்கம்போல ‘கிட் புல்’ கொடுத்தால், அமைப்பைப் பொறுத்து, கிட் மறுக்கும், அல்லது பழையதும் புதியதும் மெர்ஜ் ஆகி, ஒரே மாற்றம் இரண்டு முறை தெரியும். அங்கே சேமிக்காத வேலை எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ‘கிட் ஃபெட்ச்’ செய்து, ‘கிட் ரீசெட் --ஹார்ட் ஆரிஜின்/மெயின்’ கொடுப்பதே சரி.

பிராஞ்ச் குறைவு, டேக் அவசியம்

வின்சென்ட் ட்ரீசன் 2010-ல் முன்வைத்த, பல பிராஞ்சுகள் கொண்ட கிட் ஃப்ளோ முறை இன்றும் பல பாடங்களில் தொடக்கமாக வருகிறது. தொடர்ந்து வெளியிடும் வலைச் செயலிகளுக்கு அதைவிட எளிய முறை போதும் என்று அவரே 2020-ல் அதில் குறிப்பு சேர்த்துவிட்டார். தனி ஆளுக்கு மெயின் என்ற ஒரு பிராஞ்சே போதும். ஒரு நாளுக்கு மேல் இழுக்கக்கூடிய, ஒருவேளை தூக்கி எறியப்போகும் சோதனை முயற்சிக்கு மட்டும் தனி பிராஞ்ச் போடுங்கள். பிராஞ்ச் என்பது ஒரு கமிட்டின் எண்ணைச் சுட்டும் பெயர்தான். உருவாக்கவும் நீக்கவும் செலவே கிடையாது.

டேக் என்பது ஒரு கமிட்டுக்கு நிலையாக வைக்கும் பெயர். அது அப்படியல்ல, வேறொருவர் கைக்குப் போகும் ஒவ்வொரு பதிப்புக்கும் அது வேண்டும். ‘கிட் டேக் -ஏ’ என்று விளக்கத்தோடு போடும் டேக்கில் தேதியும் செய்தியும் இருக்கும். சாதாரண ‘கிட் புஷ்’ டேக்குகளை அனுப்பாது. ‘--ஃபாலோ-டேக்ஸ்’ சேர்க்க வேண்டும். இது தெரியாமல், கணினி போனபின் ரிமோட்டில் (புஷ் செய்யும் வெளி ரெப்போவில்) ஒரு டேக்கும் இல்லை என்று கண்டுபிடிப்பவர்கள் உண்டு. டேக் இருந்தால் ‘கிட் டிஸ்கிரைப் --டர்ட்டி’ ஒரு பயனுள்ள பெயரைத் தரும்: கடைசி டேக், அதன்பின் எத்தனை கமிட், இப்போதைய கமிட்டின் சுருக்க எண், கமிட் ஆகாத மாற்றம் இருந்தால் ‘டர்ட்டி’ என்ற ஒட்டு. பில்ட் செய்யும்போது இந்தச் சரத்தைப் புரோகிராமுக்குள் எழுதி ‘--வெர்ஷன்’ கேட்டால் காட்டும்படி செய்துவிட்டால், ‘ஓடவில்லை’ என்று ஒருவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டிலிருந்தே அவரிடம் இருப்பது எந்தக் கோடு என்று துல்லியமாகத் தெரியும்.

எந்தக் கமிட்டில் கெட்டது

போன மாதம் சரியாக வந்த மொத்தத் தொகை இன்று தப்பாக வருகிறது. நடுவில் 200 கமிட். ‘கிட் பைசெக்ட் ஸ்டார்ட்’ கொடுத்து, இன்றையதைக் ‘பேட்’ என்றும் போன மாத டேக்கை ‘குட்’ என்றும் சொன்னால், கிட் நட்டநடுவில் உள்ள கமிட்டை எடுத்துத் தரும். ஓட்டிப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிலிலும் தேடும் பரப்பு பாதியாகும். எட்டு சோதனையில் குற்றவாளி கமிட் கிடைத்துவிடும். 1000 கமிட் இருந்தாலும் பத்துதான். சோதனையை ஒரு ஸ்கிரிப்ட்டாக எழுதி ‘கிட் பைசெக்ட் ரன்’ கொடுத்தால் ஆளே தேவையில்லை. ஸ்கிரிப்ட் 0 திருப்பினால் நல்லது, 1 திருப்பினால் கெட்டது, 125 திருப்பினால் இதைச் சோதிக்க முடியவில்லை, தாண்டிப் போ என்று பொருள். முடிந்ததும் ‘கிட் பைசெக்ட் ரீசெட்’ மறக்கக்கூடாது. மறந்தால் பழைய கமிட்டின் மேலேயே நின்றுகொண்டு வேலை செய்வீர்கள்.

கிடைத்த கமிட்டில் பன்னிரண்டு வரி இருந்தால் காரணம் கண்ணுக்கு எதிரே நிற்கும். ‘இன்றைய வேலை எல்லாம்’ என்ற 900 வரி கமிட்டாக இருந்தால் தேடல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பாதி கமிட்டுகள் ஓடவே ஓடாது என்றால் 125 மட்டுமே திரும்பத் திரும்ப வரும்.

கெட்டது எப்போது என்று தெரியாமல், ஒரு சொல் எப்போது வந்தது அல்லது போனது என்று மட்டும் தேட ‘கிட் லாக் -எஸ்’ போதும். நீக்கிவிட்ட ஃபங்ஷனின் பெயரைக் கொடுத்தால், அதைச் சேர்த்த கமிட்டும் நீக்கிய கமிட்டும் வரும். கமென்ட் போட்டு முடக்கிய பழைய கோடு ஃபைல் முழுக்கக் கிடப்பதற்கு இனி அவசியம் இல்லை.

எது தொலையும், எது தொலையாது

கமிட் ஆனது எளிதில் தொலையாது. பிராஞ்சை நீக்கினாலும், ரீபேஸில் குழப்பினாலும், ‘ரீசெட் --ஹார்ட்’ கொடுத்து பத்து கமிட் பின்னால் போனாலும், அந்த கமிட்டுகள் ‘.கிட்’ ஃபோல்டரில் இருக்கின்றன. அவற்றைச் சுட்டும் பெயர்தான் போயிருக்கிறது. ‘கிட் ரெஃப்லாக்’ கொடுத்தால் நீங்கள் நின்ற இடங்களெல்லாம் வரிசையாக வரும். அதிலிருந்து எண்ணை எடுத்து ‘கிட் பிராஞ்ச் மீட்பு’ என்ற பெயருக்குப் பின்னால் அந்த எண்ணைக் கொடுத்தால் முடிந்தது. வழக்கமான அமைப்பில் இந்தக் குறிப்புகள் 90 நாள் இருக்கும். எந்த பிராஞ்சிலிருந்தும் எட்ட முடியாதவற்றுக்கு 30 நாள்.

கமிட் ஆகாதது ஒரு நொடியில் போகும். ‘கிட் ரெஸ்டோர்’ ஃபைலைப் பழைய நிலைக்கு மாற்றும்போது கேள்வி கேட்காது. ‘ரீசெட் --ஹார்ட்’ கமிட் ஆகாத எல்லாத் திருத்தத்தையும் அழிக்கும். எல்லாவற்றிலும் மோசமானது ‘கிட் கிளீன் -எஃப்டிஎக்ஸ்’: இக்னோர் செய்த ஃபைல்களையும் சேர்த்துத் துடைப்பதால், உங்கள் ‘.இஎன்வி’யும் உள்ளூர் டேட்டாபேஸும் அதோடு போகும். முதலில் ‘-என்’ சேர்த்து ஓட்டினால் எதையெல்லாம் அழிக்கப் போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும்.

நடுவில் ஒரு சின்ன நம்பிக்கை உண்டு. ‘கிட் ஆட்’ கொடுத்த நொடியிலேயே உள்ளடக்கம் ‘.கிட்’ ஃபோல்டருக்குள் போய்விடுகிறது. ஆட் செய்து, கமிட் செய்யாமல் தொலைத்த ஃபைலை ‘கிட் எஃப்எஸ்சிகே --லாஸ்ட்-ஃபவுண்ட்’ தேடித் தரும். பெயர் இருக்காது, உள்ளடக்கம் மட்டும் இருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். இப்படி அனாதையான பொருட்களைக் கிட் சுமார் இரண்டு வாரத்துக்குப் பின் துப்புரவில் நீக்கிவிடலாம். கமிட் ஆகாத திருத்தங்களை ஒதுக்கி வைக்கும் ஸ்டாஷ் இடைக்கால வசதி மட்டுமே. அதில் போட்டது புஷ் ஆகாது, மூன்று சேர்ந்தால் எது என்னவென்று நினைவிருக்காது. அதைவிட ஒரு பிராஞ்சில் ‘பாதி வேலை’ கமிட் பாதுகாப்பானது.

இன்னொரு இடத்தில் நகல்

வரலாறு முழுவதும் அதே டிஸ்க்கில் இருக்கும்வரை அது பேக்கப் ஆகாது. டிஸ்க் போனால் ஆயிரம் கமிட்டும் போகும். கிட்ஹப் போன்ற இடத்தில் தனிப்பட்ட ரெப்போ இலவசம் என்பதால் பெரும்பாலோருக்கு ‘கிட் புஷ்’ போதும். நெட்டில் வைக்க விருப்பமில்லாதவர்கள் வெளி டிஸ்க்கில் ‘கிட் இனிட் --பேர்’ கொடுத்து ஒரு வெற்று ரெப்போ உருவாக்கி, அதை ரிமோட்டாகச் சேர்த்து அங்கே புஷ் செய்யலாம். ‘கிட் பண்டில் கிரியேட்’ கட்டளைக்கு ‘--ஆல்’ கொடுத்தால் எல்லா பிராஞ்சும் டேக்கும் ஒரே ஃபைலாகிவிடும். அதை எங்கு வேண்டுமானாலும் நகலெடுத்து வைக்கலாம், அதிலிருந்தே குளோனும் செய்யலாம்.

வேலை செய்யும் ரெப்போவைத் தூக்கி டிராப்பாக்ஸ் போன்ற சிங்க் ஃபோல்டருக்குள் வைப்பது மட்டும் வேண்டாம். கிட் ஒரே நேரத்தில் பல சின்ன ஃபைல்களைக் குறிப்பிட்ட வரிசையில் எழுதும். சிங்க் செய்யும் மென்பொருளுக்கு அந்த வரிசை தெரியாது. இரண்டு கணினியில் மாறி மாறி வேலை செய்தால் பிராஞ்ச் குறிப்பு ஒரு பக்கத்திலிருந்தும் கமிட் இன்னொரு பக்கத்திலிருந்தும் வந்து, ரெப்போ திறக்காமலே போகலாம். பண்டில் ஃபைலை அங்கே வைப்பதில் சிக்கல் இல்லை.

கிட்ஹப் 50 எம்பி தாண்டிய ஃபைலுக்கு எச்சரிக்கும், 100 எம்பி தாண்டினால் மறுக்கும். அடுத்த கமிட்டில் அந்த ஃபைலை நீக்கிவிட்டுப் புஷ் செய்தாலும் மறுக்கும், ஏனென்றால் முந்தைய கமிட்டில் அது இன்னும் இருக்கிறது. புஷ் ஆகாத கடைசி கமிட்தான் என்றால் அமெண்ட் போதும். உள்ளே புதைந்திருந்தால் ரீபேஸ் அல்லது ஃபில்டர்-ரெப்போ.

பேக்கப் சரியாக இருக்கிறதா என்று அறிய ஒரே வழி, வேறொரு காலி ஃபோல்டரில் ரிமோட்டிலிருந்து குளோன் செய்து பில்ட் செய்து பார்ப்பது. ஆட் செய்ய மறந்த ஃபைல், இக்னோரில் தவறுதலாக மாட்டிய ஃபைல், லாக் ஃபைலில் இல்லாத லைப்ரரி எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். குளோனில் வராதவையும் தெரியும்: ‘.இஎன்வி’, டேட்டாபேஸ், கிட் தானாக ஓட்டும் ஹுக் ஸ்கிரிப்ட்கள், ஸ்டாஷ். இவற்றுக்குத் தனி பேக்கப் வேண்டும். கிட்ஹப்பில் எழுதும் இஷ்யூக்களும் (பிழை, வேலைக் குறிப்புகள்) ரெப்போவின் பகுதி அல்ல. இந்த ஒரு விஷயத்தில், எஸ்க்யூலைட் டேட்டாபேஸை எழுதிய ரிச்சர்ட் ஹிப்பின் ஃபாசில் என்ற இதே வகை மென்பொருள் கிட்டை விட நேர்த்தியானது; வரலாறு, டிக்கெட், விக்கி மூன்றும் ஒரே எஸ்க்யூலைட் ஃபைலில் அடங்கும், அந்த ஃபைலை நகலெடுத்தால் எல்லாம் வந்துவிடும். எடிட்டர்களின் ஆதரவும், சிக்கினால் தேடிக் கிடைக்கும் பதில்களும் கிட்டுக்கே அதிகம் என்பதால், இரண்டும் புதிதாக இருப்பவருக்குக் கிட்டே நடைமுறைத் தேர்வு.

தேதி போட்ட பழைய ஃபோல்டர்கள்

ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு ஃபோல்டர் நகல்கள் சேர்ந்திருந்தால் அவற்றையும் வரலாறாக்கலாம். காலியான ஒரு ரெப்போ தொடங்கி, இக்னோர் ஃபைலை முதலில் கமிட் செய்யுங்கள். மிகப் பழைய நகலை அதற்குள் கொட்டி, ‘கிட் ஆட் -ஏ’ கொடுத்து, ‘கிட் கமிட்’ உடன் ‘--டேட்’ சேர்த்து அந்த நகலின் தேதியைக் கொடுங்கள். அடுத்த நகலுக்கு முன் ‘.கிட்’ ஃபோல்டரையும் இக்னோர் ஃபைலையும் தவிர மற்றவற்றை நீக்கிவிட வேண்டும். நீக்காமல் மேலேயே கொட்டினால், இடையில் கைவிட்ட ஃபைல்கள் எல்லாம் கடைசி வரை தங்கிவிடும். ‘--டேட்’ மாற்றுவது எழுதியவரின் தேதியை மட்டும். கமிட் செய்த தேதி இன்றையதாகவே இருக்கும். லாக்கில் சாதாரணமாகத் தெரிவது முதல் தேதிதான் என்பதால் இது போதும். கடைசி நகல் ஏறியபின், அசல் ஃபோல்டரையும் ரெப்போவையும் ‘டிஃப் -ஆர்’ கொண்டு ஒப்பிடுங்கள். ‘.கிட்’டும் இக்னோர் பட்டியலும் தவிர வேறு வித்தியாசம் வரவில்லை என்றால், ரிமோட்டுக்குப் புஷ் செய்துவிட்டுப் பழைய ஃபோல்டர்களை நீக்கலாம்.